ஒலக்கூருக்குப் போன இரண்டு டின் எண்ணெய்

பத்திரிகைகளில் பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்கும் கொழும்புக்கும் போய்வந்து எழுதுகிறார்கள். சிலர் கப்பலேறிச் சீமைக்கே போய்வந்து, அங்கே உருளைக்கிழங்கை எப்படி வேகவைக்கிறார்கள் என்று நமக்குச் சொல்கிறார்கள். நான் போனது விழுப்புரத்திலிருந்து ஒலக்கூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்காவின் ஊருக்கு. ரயிலில் போனால் காலையில் தின்றது செரிப்பதற்குள் இறங்கிவிடலாம். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வழியில் பட்ட பாட்டைக் கணக்கில் எடுத்தால் சீமைக்குப் போனவர்களுக்கு நான் இளைத்தவள் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் அப்பா விழுப்புரம் ஜங்ஷன் ஷெட்டில் ரயில் இஞ்சின்களுக்குக் கரி ஏற்றுகிறவர். அவருடைய அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்கு உழைத்தவர். எங்கள் வம்சத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். டிரெயினிங் முடித்து விழுப்புரத்திலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கின் கீழே உட்கார்ந்து படித்தவள் நான். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த எண்ணெய்தான் எனக்கு எழுத்தைக் காட்டியது என்றால் அது மிகையல்ல.

என் அக்கா அஞ்சலை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒலக்கூர்ப் பக்கத்தில் கொஞ்சம் சொந்த நிலம் உள்ள ஏழுமலை மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். யுத்தத்துக்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் எண்ணெய் இஞ்சின் மோகம் பிடித்து ஆட்டியது. மாமா கிணற்றில் கவலை பூட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றார். தன் பங்குக் கவலை மரத்தைப் பிடுங்கி மாட்டுக்கொட்டகைக்கு உத்திரமாகப் போட்டார். கிணற்றடியில் இஞ்சின் வைத்தார். "மாட்டுக்கு வைக்கலு வேணும், தவுடு வேணும், காணை வந்தா வைத்தியன் வேணும். இதுக்கு ஒரு டின்னு எண்ணெ போதும்" என்பார். பொய்யில்லை. கேப்பையும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் மட்டும் விளைந்த மேட்டில் கோடையில் நெல் விளைந்தது. அக்காவின் காதில் கம்மல் ஏறியது. தீபாவளிக்கு எனக்குச் சேலை வந்தது.

பிறகு ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். எண்ணெய் வரத்து நின்றது. இருந்த எண்ணெய் பட்டாளத்துக்குப் போயிற்று. மாமாவின் இஞ்சின்மேல் கோழி ஏறி முட்டை வைத்தது.

விழுப்புரம் சந்தைக்கு வந்த அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேதி சொன்னார்:

"கதிரு வர்ற நேரம். போன முறையும் எறைக்கல. வர்ற ஞாயித்துக்கிழம ஒங்க அக்கா முறை. அன்னிக்கும் எறைக்கலன்னா பயிர அறுத்து மாட்டுக்குத்தான் போடணும்."

முறை என்பதைப் பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அந்தக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். சூரியன் கிளம்பினதிலிருந்து அடையும்வரை அவரவர் முறை. அன்றைக்கு விட்டால் சுற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும்.

நான் இங்கிலீஷில் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, இரண்டு டின் குரூட் ஆயில் வாங்கினேன். அது தனிக் கதை. ஒரு குமாஸ்தா, "இதை யார் எழுதிக்கொடுத்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு மனு எழுதலாம்.

சனிக்கிழமை காலையில் டின்களோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பா அங்கேதானே வேலை செய்கிறார், ஏற்றிவிடுவார் என்று நினைத்தேன். பார்சல் குமாஸ்தா கையை விரித்தார். பாசஞ்சர் வண்டியில் எண்ணெய் டின் கூடாது. கூட்ஸில் போட்டால், பட்டாளத்துச் சரக்கெல்லாம் போனபிறகுதான் போகும். அப்பாவைப் பார்த்தேன். அவர் உடம்பெல்லாம் கரித்தூளோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரூலு ரூலுதான் பாப்பா. நெருப்பு கக்கிக்கினு போற இஞ்சினுக்குப் பின்னால எண்ணெயக் கட்டச் சொல்றியா?"

"ஞாயிற்றுக்கிழமைக்குள் போகவேண்டுமே அப்பா."

"நான் கரிய நம்பினவன். ஒங்க மாமன் எண்ணெய நம்பினான். பர்மாக்காரன் இவனுக்கு மாமனா, மச்சானா?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு டின்னையும் தோளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

இப்போது ஓடுகிற பஸ்ஸைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். பெட்ரோல் கிடைக்காததால் எல்லாம் கரி பஸ்களாக மாறிவிட்டன. வண்டியின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, கண்டக்டர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதவேண்டும். கரியிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போய் வண்டியை ஓட்டுகிறது. கிளம்புவதற்குள் ஒரு உலை சோறு ஆக்கிவிடலாம். எங்கள் வண்டியின் டிரைவர் காதர் பாய். கண்டக்டர் தங்கவேலு, முகம் அடுப்புச்சட்டி மாதிரி கறுத்துப்போயிருந்தது.

"இன்னாம்மா இது? மண்ணெண்ணெயா?" என்றார் தங்கவேலு.

"குரூட் ஆயில். கிணற்று இஞ்சினுக்கு."

"பின்னால நெருப்பு, முன்னால எண்ணெ, நடுவுல நாங்க. எறக்கும்மா கீழ!"

காதர் பாய் சிரித்துவிட்டார். "ஏய், எண்ணெ இல்லாமத்தானே நாம அடுப்பு எரிச்சிக்கினு ஓடுறோம்? அந்த மவராசி நம்ம வண்டியிலயே வர்றா, வேணாங்கறியே! ஏத்து, ஜல்தி. அடுப்பாண்ட வெக்காத, என் காலாண்ட வெய்." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, ஒரு கண்டிஷன். வண்டியில எவன் பீடி பத்த வெச்சாலும் நீதான் கேக்கணும். நான் கேட்டா சண்டைக்கு வருவானுங்க."

வகுப்பில் நாற்பது பெண்களை அடக்குகிறவளுக்கு இது என்ன வேலை? முண்டியம்பாக்கம் போவதற்குள் மூன்று பீடிகளைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். மூன்றாவது ஆள் மீசைக்காரர். "எங்கூட்டுக்காரிகூட இப்படிச் செஞ்சதில்ல" என்றார். "செய்திருந்தால் இத்தனை இருமல் வந்திருக்காது" என்றேன். அப்பா கூட வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடியது. சிறு மேடு வந்தால் மூச்சு முட்டி நின்றது. உடனே தங்கவேலு, "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!" என்பார். இரண்டாவது மேட்டில் பெண்களும் இறங்கினோம். கூடை நிறைய வளையலோடு வந்த வளையல்காரி ஒருத்தி தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"காசு குடுத்து ஏறினது நாம. தள்ளுறதும் நாம. இது வண்டியா, வாழாவெட்டியா வந்த நாத்தனாரா?"

எல்லாரும் சிரித்ததில் வண்டி மேடு ஏறிவிட்டது.

விக்கிரவாண்டி தாண்டிய பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. வளையல்காரி தன் கூடைக்கு இடம் வேண்டும் என்று கடைசிப் பெஞ்சுக்குப் போயிருந்தாள். அதற்குப் பின்னால்தான் அடுப்பு. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தூங்கினாள். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது அவள் அப்படியே சரிந்தாள். எழுப்பினால் எழவில்லை.

"வெயிலு" என்றார் ஒருவர். "பசி மயக்கம்" என்றார் இன்னொருவர். மீசைக்காரர், "காத்து கருப்பு அண்டியிருக்கும், புளியமரம் தாண்டினோமில்ல" என்றார். ஒரு அம்மாள் மடியிலிருந்து திருநீறை எடுத்தாள்.

டிரெயினிங் ஸ்கூலில் சயன்ஸ் பாடத்தில் படித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மூடிய அறையில் கரி எரித்தால் ஒரு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். அந்த வாயுவில்தான் எங்கள் வண்டியே ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கள்! அவளை வெளியே தூக்குங்கள்! திருநீறு பிறகு பூசலாம், முதலில் காற்று!" என்று கத்தினேன். மரத்தடியில் கிடத்தி, ரவிக்கையைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்கினேன். நெடுநேரம் அசைவில்லை. முந்தானையால் விசிறினேன். பிறகு இருமினாள், வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறந்தாள்.

"கூட எங்க?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

காதர் பாய் கடைசிப் பெஞ்சுக்குக் கீழே தலையை விட்டுத் தேடினார். குழாயின் பூட்டில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. களிமண்ணைப் பிசைந்து, துணி சுற்றி அடைத்தார். எழுந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"பெட்ரோலு ஒரு மாதிரி நல்லவன்மா. கசிஞ்சா நாத்தம் அடிச்சே சொல்லிடுவான், நா இங்கதான் இருக்கேன்னு. இது பேஜாரு. சொல்லாம கொள்ளாம ஆளத் தூக்குது." அதன்பிறகு கடைசிப் பெஞ்சில் ஒருவரையும் உட்கார விடவில்லை.

வளையல்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே என் கையைப் பிடித்து, வலிக்க வலிக்க நான்கு பச்சை வளையலைப் போட்டுவிட்டாள். "உசுரக் காப்பாத்தின கை மொட்டையா இருக்கக்கூடாது" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான் வளையல் போடுவதில்லை. கரும்பலகையில் எழுதும்போது சத்தம் வரும். இருந்தாலும் கழற்றவில்லை.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் அடுத்த சங்கடம். வெடிப்பில் வாயு வீணானதில் கரி தீர்ந்துவிட்டது. வழக்கமாகக் கரி வாங்கும் இடத்தில் ஒரு கூடைகூட இல்லை. நடுப்பகல். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள்.

வண்டியின் கூரையில் எட்டு மூட்டை மல்லாட்டைத் தோல் இருந்தது. மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் ஒருவர் அதைத் திண்டிவனம் எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஜைனர், நல்ல சிவந்த மேனி, தயாள குணம் முகத்திலேயே தெரியும். அவர்தான் சொன்னார்:

"பாய், கரிதான் வேணும்னு என்ன சட்டம்? மில்லு பாய்லரே இந்தத் தோலுலதான் ஓடுது. அத்தனாம் பெரிய பாய்லரு ஓடும்போது ஒங்க பஸ்ஸு ஓடாதா? எடுத்துக்குங்க. என் தருமம்."

காதர் பாய் தாடியைச் சொறிந்தார். "பாய்லரு வேற, இது வேறன்னு தோணுது நயினாரே."

ஆனால் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் மல்லாட்டை பூமியில் பிறந்தவர்கள். தோலைப் போட்டுக் கேப்பைக் கூழ் காய்ச்சியவர்கள், செங்கல் சுட்டவர்கள், வெல்லம் காய்ச்சியவர்கள். தோலில் ஆகாதது ஒன்று உண்டு என்று அவர்களிடம் யாரால் சொல்லமுடியும்? "போடு பாய், போடு! நம்மூரு தோலுக்கு நம்மூரு வண்டி ஓடாதா?" என்று ஒரே கூச்சல். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள்.

வண்டி ஓடியது! கரியில் ஓடியதைவிட வேகமாக ஓடியது. ஆண்கள் சீட்டியடித்தார்கள். மீசைக்காரர், "இனிமே பர்மா எண்ணெ எதுக்கு? மல்லாட்டை இருக்கிற வரைக்கும் திண்டிவனத்த அசைக்க முடியாது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மயிலம் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி விக்கியது, தும்மியது, நின்றது. குழாயைக் கழற்றினால் உள்ளே காய்ச்சின வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக, கெட்டியாக, கப்பென்று நாறும் ஒரு பசை. பச்சைத் தோலின் புகையெல்லாம் பாகாகிக் குழாய், வடிகட்டி, இஞ்சின்வரை அடைத்துவிட்டது. பாய்லருக்கு நெருப்பு போதும்; இதற்கு நெருப்பிலிருந்து வரும் வாயு சுத்தமாக வேண்டும். கரியாகச் சுட்ட பொருளில்தான் அது கிடைக்கும். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

காதர் பாய் ஒருவரையும் திட்டவில்லை. கத்தியை எடுத்துச் சுரண்ட உட்கார்ந்தார். நயினார்தான் தவித்துப்போனார். அவர் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர். சூரியன் இருக்கும்போதே கட்டுச்சோற்றை அவிழ்த்தவர், வாயில் வைக்காமல் காதர் பாயிடம் கொண்டுபோய் நீட்டினார். "மொதல்ல நீங்க சாப்புடுங்க. பாவம் என்னுது." பாய் கையெல்லாம் பசையாக இருந்ததால், பெரிய மனிதரான நயினாரே உருட்டி உருட்டி அவர் வாயில் போட்டார்.

அன்று மயிலம் சத்திரத்தில் தங்கினோம். கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் போட்டார்கள். விழுப்புரத்தில் எங்களுக்குக் கிடைக்கும் ரேஷன் அரிசியில் பாதி கல். இந்தக் களியில் கல் இல்லை. அது எந்தக் கப்பலிலும் வந்ததில்லை. இரண்டு உருண்டை தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அக்காவின் முறை தொடங்கிவிட்டது. நான் மயிலத்தில் இருந்தேன். வண்டி சாயங்காலம்தான் ஓடும் என்றார் பாய். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. நயினார் எங்கிருந்தோ ஒரு மாட்டுவண்டி பிடித்துவந்தார். "நா திண்டிவனத்துல எறங்கிக்கிறேன். வண்டி ஒங்க அக்கா ஊட்டு வாசல்வரைக்கும் வரும்" என்றார். வளையல்காரி கையை ஆட்டினாள்.

மாடு போகிற வேகத்தில் வழியிலுள்ள ஒவ்வொரு பனைமரத்தையும் பெயர் வைத்துக் கூப்பிடலாம். ஆனால் நிற்கவில்லை. ஒரு வாய் தண்ணீர், ஒரு பிடி வைக்கோல், மறுபடி நடை. "பெருமையெல்லாம் மோட்டாருக்கு, பொறுமையெல்லாம் மாட்டுக்கு" என்றார் நயினார். "நமக்கு இரண்டும் வேண்டும்" என்றேன்.

திண்டிவனத்தில் மண்ணெண்ணெய்க் கடைக்கு முன்னால் பெரிய வரிசை. வரிசை என்றால் மனிதர்கள் இல்லை. பாட்டில்கள், தகர டப்பாக்கள், செங்கற்கள், ஒரு பழைய செருப்புகூட. ஆளுக்கு ஒரு பொருளை இடத்துக்கு வைத்துவிட்டு நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வண்டியில் இருந்த டின்களை ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"ஏய், எண்ணெ போவுதுடி!"

அடுத்த நிமிஷம் வண்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சக்கரத்தை ஒருத்தி பிடித்தாள். "எந்தப் பெரிய மனுசன் ஊட்டுக்குப் போவுது இது? எம் புள்ள சாயங்காலமானா படிக்க முடியல. ஆமணக்கெண்ண வௌக்குல கண்ணே அவிஞ்சி போவுது" என்று கத்தினாள்.

நயினார் டின்களைத் துண்டால் மூடப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். மூடியைத் திறந்து, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, சக்கரத்தைப் பிடித்தவளின் மூக்குக்கு நேராக நீட்டினேன். "மோந்து பாருங்கம்மா. இது மண்ணெண்ணெய் இல்லை. விளக்கில் ஊற்றினால் புகைதான் வரும். என் அக்காவின் பயிருக்குத் தண்ணீர் இறைக்கிற எண்ணெய்."

அவள் முகர்ந்தாள். தொட்டு இரு விரலால் தேய்த்தாள். "ஆமாண்டி, இது வேற" என்று சக்கரத்தை விட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்: "நீ டீச்சரா?" ஆமென்றேன். "எம் பொண்ணு மூணாவது படிக்கிறா" என்றாள், நான் கேட்காமலே. அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். ஷெட்டில் கூட வேலை செய்கிறவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது என் அப்பாவின் குரல் அப்படித்தான் இருக்கும்.

அக்காவின் ஊர் போனபோது நிழல் கிழக்கே நீளத் தொடங்கிவிட்டது. கிணற்றடியில் சத்தம் கேட்டது. இஞ்சின் சத்தம் இல்லை. கவலை உருளையின் கிறீச்சு. பங்காளி முனுசாமியின் மாடுகள் பூட்டப்பட்டிருந்தன. தண்ணீர் அவருடைய கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

முனுசாமி, ஏழுமலை மாமாவுக்குப் பெரியப்பா மகன்; அடுத்த முறைக்காரர். இஞ்சின் வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம் உண்டு: முறைக்காரன் உச்சிப்பொழுதுவரை இறைக்காவிட்டால், மிச்சப் பொழுதுக்கு அடுத்தவன் மாடு பூட்டலாம். ஏழுமலை மாமா தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பயிர், கதிர் வெளியே வர வழியில்லாமல் இலை சுருண்டு நின்றது. மண்ணில் கை நுழையும் வெடிப்பு.

"எண்ணெய் வந்துவிட்டது! மாட்டை அவிழுங்கள் மாமா!" என்று முனுசாமியைப் பார்த்துக் கத்தினேன்.

முனுசாமி மாட்டை நிறுத்தினார். "வாம்மா கரிக்காரர் பொண்ணே. நீ படிச்சவ, நியாயம் சொல்லு. உச்சி தாண்டிச்சா, இல்லியா?"

தாண்டிவிட்டது. என்ன சொல்வது? "தாண்டிவிட்டது" என்றேன்.

"அப்ப தண்ணி யாருது?"

"உங்களுடையது."

அவர் தலையை ஆட்டினார். "நா ஒண்ணும் பயிரு காயறதப் பார்த்து சிரிக்கிறவன் இல்ல. ஆனா இந்த இஞ்சினு ஒரு பொழுது ஓடினா கெணத்த நக்கி எடுத்துடுது. மறுநாள் என் சாலு சேத்தத்தான் அள்ளுது. ஒங்க மாமன்கிட்ட எத்தினி வாட்டி சொன்னேன்? காதுல ஏறல, அந்த டுக்கு டுக்கு சத்தத்துல."

மாமா தலையைத் தூக்கவில்லை. அது உண்மை என்று அதிலேயே தெரிந்தது. எண்ணெய் இருந்த காலத்தில் எண்ணெய்தான் கணக்கு. தண்ணீரை யாரும் எண்ணவில்லை.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முனுசாமி முன்னால் வந்தாள்.

"மாமா, கெணத்துக்குள்ள வெள்ளப் பாற ஒண்ணு இருக்குதே, தண்ணிக்குள்ள. அதுக்குக் கீழ இருக்கிறது ஒங்களுக்கு. மேல இருக்கிறத எனக்கு வுடுங்க. பாற தலை தெரிஞ்சா நிறுத்திடறேன்."

"ஆரு நிறுத்துவா? இஞ்சினு ஒம் புருசன் கையில இல்ல இருக்கும்?"

"ஒங்க கையில இருக்கட்டும். நீங்களே பக்கத்துல குந்துங்க. நிறுத்துற பிடிய நீங்களே புடிச்சிக்கினு இருங்க."

முனுசாமி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு மாட்டை அவிழ்த்தார்.

ஏழுமலை மாமாவுக்கு உயிர் வந்தது. வேட்டித் துணியில் எண்ணெயை வடிகட்டி ஊற்றினார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இஞ்சினைச் சுற்றினோம். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. குழாய் வாயில் தண்ணீர் தொடைப் பருமனுக்குக் கொட்டியது. நான்கு ஜோடி மாடு இறைத்தாலும் அப்படி வராது. தொட்டியில் விழுந்ததைக் கையில் ஏந்தி முகம் கழுவிக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் எண்ணெயின் அருமை அருமைதான்.

கழனியின் முதல் துண்டு நனைந்தது, இரண்டாவது, மூன்றாவது. அக்கா மண்வெட்டியோடு மடைக்கு மடை ஓடினாள். முனுசாமி இஞ்சினைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவர். பிடியை இரண்டு விரலால், தேளைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். எண்ணெய் ஒரு டின்கூடத் தீரவில்லை. கிணறுதான் இறங்கிக்கொண்டே போயிற்று.

கடைசித் துண்டு ஒன்று மிச்சம் இருக்கும்போது பாறையின் வெள்ளை முதுகு தெரிந்தது. நான் பார்த்தேன். முனுசாமியும் பார்த்தார். பிடியை அசைக்கவில்லை. காய்ந்த துண்டைப் பார்த்தார், மறுபடி கிணற்றைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார் பொதுவாக. "பாறையா அது, தண்ணி மினுக்குதா?"

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "பாறதான் மாமா" என்றாள். அவர் கையை விலக்கி, தானே பிடியை இழுத்தாள். இஞ்சின் நின்றது.

அந்த அமைதியில் முனுசாமி, "இன்னும் ஒரு துண்டு காயுதேம்மா" என்றார்.

"சொன்னது பாற வரைக்கும்தானே" என்றாள் அக்கா. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. நான் பெருமைப்படுவது என் படிப்பைப் பற்றித்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். மாமா இரண்டு கவளம் தின்றார். பிறகு, "இஞ்சின விக்க மாட்டேன்" என்றார். அக்கா அவருக்குக் குழம்பு ஊற்றினாள். "ஆனா அறுப்பு முடிஞ்சதும் ஒரு ஜோடி மாடு புடிக்கணும்" என்றார். "கொட்டாயில இருக்கிற கவல மரத்தப் புடுங்கினா கூர எறங்கிடுமே" என்றாள் அக்கா. "வேற மரம் பார்ப்போம்" என்றார் மாமா.

திங்கட்கிழமை முனுசாமியின் முறை. விடியும்போதே உருளை கிறீச்சிட்டது. அக்கா பால் கறக்கப் போயிருந்தாள். வெளியே முனுசாமியின் கூப்பாடு.

"எவ்ளோ நேரம் கத்துறது? தண்ணி வீணாப் போவுது! மடைய வெட்ட ஆளே கெடையாதா அந்த ஊட்ல?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முனுசாமியின் சால் தண்ணீர் அவருடைய கழனிக்குப் போகவில்லை. அக்காவின் வாய்க்காலில் வந்து, அந்தக் கடைசித் துண்டின் வரப்பில் முட்டி நின்றது.

மண்வெட்டியை எடுத்தேன். ரயில்வே லைனில் வளர்ந்தவள், மடை வெட்டியதில்லை. முதல் வெட்டு மேட்டுப்பக்கமாக விழுந்தது.

"டீச்சரே! தண்ணி மேல ஏறாது! கீழ வெட்டு!" என்று கிணற்றுமேட்டிலிருந்து குரல் வந்தது.

கீழே வெட்டினேன். தண்ணீர் உள்ளே புகுந்து, வெடிப்புகளில் குமிழியிட்டு இறங்கியது. காய்ந்த மண் குடிக்கிற சத்தம் கேட்டது. விழுப்புரத்தில் இன்னும் கொஞ்ச நேரத்தில் முதல் மணி அடிப்பார்கள். என் வகுப்புப் பெண்கள் எழுந்து நின்று, வராத டீச்சருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுத்த மடையைத் திறக்கப் போனேன்.